நட்சத்திரம் போட்ட பெயர்கள்

பிரதீபன் எழுதிக் கொடுத்த புது புரோகிராமைத் தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் ஓடவிட்ட மருத்துவமாது சகுந்தலா திகைத்துப்போனார்.

"தம்பி, தொழிலாளர் பட்டியல்ல கர்ப்பிணிங்க பேருக்குப் பக்கத்துல நட்சத்திரம் போட்டிருக்கேன், செங்குத்து மலைக்குக் கொழுந்து பறிக்க அவங்கள அனுப்பிறக் கூடாதுன்னு. நட்சத்திரத்த தேடச் சொன்னா நூத்தி நாப்பது பேரும் வருது. கங்காணி இராமையாவுமா முழுகாம இருக்காரு?"

பிரதீபனுக்கும் ஒன்றும் புரியவில்லை. அரை மணி நேரம் திரையை முறைத்த பிறகுதான் பிடிபட்டது.

"நட்சத்திரம்னா 'எது வந்தாலும் சரி'னு புரோகிராம் நெனச்சிக்குது மிஸ். முன்னுக்கு ஒரு சாய்கோடு போட்டாத்தான் நெசமான நட்சத்திரத்த மட்டும் தேடும்."

போட்டான். மூன்றே பெயர்கள் வந்தன. மூன்றாவதைப் படித்ததும் அவன் முகம் மறுபடி சுருங்கியது.

"இன்னும் பிழைதான் மிஸ். லோஜினி பேரும் வருது."

"அது பிழையில்ல. நேத்து செக் பண்ணிட்டு நான்தான் நட்சத்திரம் போட்டேன்."

"இருக்காது மிஸ்." மறுபடி தேடினான். அதே மூன்று பெயர்கள்.

சகுந்தலா நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"ஐயோ தம்பி, ஒங்க சம்சாரம் இன்னும் ஒங்ககிட்ட சொல்லலியா?"