நீக்கியவர் பெயர்

"மூணாவது தடவையா அழிச்சிட்டாங்க, நெல்வின்!"

கம்பெனி பஸ் மாதனூரைத் தாண்டிக்கொண்டிருந்தது. இரமுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஷூ கம்பெனி கேட்டில் போனை வாங்கி வைத்துவிடுவார்கள். அதற்குள் அழித்த ஆளுக்கு ஒரு முடிவு கட்டியாக வேண்டும்.

எழுத்தாளர் கிருபானந்தத்தின் நாவல்களுக்காக வாசகர்கள் நடத்தும் விக்கி தளத்துக்கு இரம்தான் பொறுப்பாளர். கேட்டால் ஆரம்பித்ததே அவள்தான் என்பாள், உண்மையும் அதுதான். பக்கத்து சீட் நெல்வின் அதில் அவளுக்குத் துணை.

"இன்னாத்த அழிச்சாங்க?"

"நாவல்ல வீட்டை விட்டு ஓடிப்போவாளே கஸ்தூரி, அது மாதனூர்ல இருக்கிற நிஜப் பொம்பளைன்னு பேரோட போட்டிருந்தோமே, அந்த வரியை."

"ஏனாம்?"

இரம் போனை நீட்டினாள். அழித்தவர் எழுதிய காரணம் அதில் இருந்தது: 'அந்தக் கஸ்தூரி நான்தாங்க. ஞாயித்துக்கிழமை என் பொண்ணைப் பார்க்க வர்றாங்க. தயவு பண்ணி எடுத்துடுங்க.'

நெல்வினின் முகம் வாடிவிட்டது. "பாவம் இரம். எடுத்துடலாமே."

"பாவம் பார்த்தா விக்கி நடத்த முடியுமா? எழுத்தாளரே பேட்டியில சொன்ன விஷயம். ஆளுக்கொரு சட்டமா? நிரந்தரத் தடை போடப்போறேன்."

பஸ் ஆம்பூருக்குள் நுழைந்தது.

"முன்னாடி யாராவது இப்படி நிஜப் பேரை அழிச்சிருக்காங்களான்னு பாரு. அவங்களையும் சேர்த்தே தூக்கிடறேன்."

யார், எப்போது, எதை அழித்தாலும் விக்கி அதை மறக்காது. காரணத்தோடு பதிவாகிவிடும். நெல்வின் அவள் போனிலேயே தேடினான்.

"ஒண்ணே ஒண்ணு இருக்கு. மூணு வருஷம் முன்னாடி, நான் சேர்றதுக்கு முன்னாடி."

"யாரு? பேரைச் சொல்லு! கேட் வந்துடுச்சு."

நெல்வின் போனை அவள் மடியில் வைத்துவிட்டு இறங்கிப் போனான்.

இரம் எரிச்சலோடு குனிந்து படித்தாள்.

'பாத்திரம்: ஈவிரக்கமில்லாத மேஸ்திரி.
நீக்கிய நிஜப் பெயர்: அமீர் பாஷா.
நீக்கியவர்: இரம்.
காரணம்: அக்காவைப் பெண் பார்க்க வருகிறார்கள். அப்பா பெயர் இங்கே வேண்டாம்.'