பக்கம் பக்கமா

"இன்னும் எவ்ளோ நேரம்மா? வெளியில கூட்டம் நிக்குது!"

பூர்ணிமா திரும்பிக்கூடப் பாக்கல. ஸ்பேஸ் பாரை ஒரு தட்டு. திரையில அடுத்த பக்கம். விரல் வெச்சு வரி வரியா படிக்கிறா. மறுபடி ஒரு தட்டு.

எனக்குப் பத்திக்கிட்டு வந்தது.

சுனாமிக்கு மறு வருஷம். பிள்ளைச்சாவடி மீனவக் குடும்பங்களுக்கு எங்க ட்ரஸ்ட் வீடு கட்டிக் குடுக்குது. லிஸ்ட்ல பேரு இருக்கான்னு பாத்துச் சொல்றது ரெட்டியார்பாளையம் ஆபீஸ் வேலை.

பூர்ணிமா சேர்ந்து பத்து நாள்தான். அதுவரைக்கும் அந்த லினக்ஸ் கம்ப்யூட்டர் முன்னாடி நான்தான். கட்டளை அடிச்சா லிஸ்ட் சர்ருனு ஓடி நிக்கும். நின்ன இடத்துல ஒரு பார்வை. "பேரு இல்லம்மா, போ." அவங்க பேரு, விலாசம் எழுதிக் குடுத்த சீட்டுக்கு அடியில 'பெயர் இல்லை'ன்னு எழுதி, கையெழுத்துப் போட்டு, டிராயர்ல சொருகிடுவேன். நிமிஷத்துக்கு ஒரு ஆள்!

இவ என்னடான்னா கட்டளைக்குப் பின்னாடி ஒரு கோடு போட்டு, 'லெஸ்'னு சேத்து, பக்கம் பக்கமா நிறுத்திப் படிக்கிறா.

"இன்னிக்கு அஞ்சு மணிக்கு லிஸ்டை மூடிடுவாங்க. அதுக்குள்ள கையெழுத்துப் போடாதவங்களுக்கு வீடு கிடையாது. தெரியுமில்ல?"

"தெரியும் சார். அதான் படிக்கிறேன்."

எதிர்ல காலி மீன்கூடையோட அன்னக்கிளி. "பாக்கட்டும் சார். போன மாசம் நீங்க இல்லன்னுட்டீங்க."

"இல்லாத பேரு ஒரு மாசத்துல முளைச்சிடுமா?"

ஒன்பதாவது பக்கத்துல பூர்ணிமாவோட விரல் நின்னது.

"அன்னக்கிளி, வீட்டுக்காரர் பேரு தணிகாசலம். இருக்குக்கா!"

அன்னக்கிளி கூடையைக் கீழ போட்டுட்டு ஓன்னு அழுதிடுச்சு. அப்புறம் கண்ணைத் தொடச்சுக்கிட்டு என்னைப் பாத்தது. "அப்ப அன்னிக்கு ஏன் சார் இல்லன்னீங்க?"



"லிஸ்ட் நீளம்க்கா," பூர்ணிமா முந்திக்கிட்டா. "வேகமா ஓடிடும். கடைசி இருபத்தஞ்சு வரிதான் திரையில நிக்கும். மேல போனது யாரு கண்ணுக்கும் தெரியாது. எல்லாம் இந்த கம்ப்யூட்டர் பண்ற வேலை."

அன்னக்கிளி கையெழுத்துப் போட்டுட்டுப் போச்சு. பூர்ணிமா மறுபடியும் ஸ்பேஸ் பாரைத் தட்டினா.

"அதான் கிடைச்சாச்சே! இன்னும் எதுக்கு?" என் குரல்ல முன்ன இருந்த வேகம் இல்ல.

கடைசிப் பக்கம் வரைக்கும் போய்ட்டுத்தான் எழுந்தா. நான் சொருகி வெச்சிருந்த டிராயர்லேர்ந்து எடுத்த ஒரு கட்டுச் சீட்டை என் கையில வெச்சா.

"பத்து நாளா சீட்டையும் லிஸ்டையும் ஒத்துப் பாத்தேன் சார், இன்னிக்குத்தான் முடிஞ்சது. இந்த முப்பத்தோரு பேரும் லிஸ்ட்ல இருக்காங்க. மணி ரெண்டுதான் ஆவுது. வண்டியை எடுத்தீங்கன்னா அஞ்சுக்குள்ள எல்லாரையும் வரச் சொல்லிடலாம்."

பைக்கை உதைக்கறதுக்கு முன்னாடி சீட்டைப் புரட்டினேன். பேரு, தெரு, வீட்டு நம்பர், எல்லாம் இருந்தது. 'பெயர் இல்லை'ன்னு எழுதி நான் கையெழுத்துப் போட்ட அடிப்பாகத்தை மட்டும், முப்பத்தொண்ணுலயும் அளவா மடிச்சுக் கிழிச்சு எடுத்திருந்தா.