விழிக்க ஒரு தூக்க மாத்திரை

கண் விழித்துவிட்டான்.

மூக்குக் குழாயில் மருந்து விட்ட சிரிஞ்சை அவள் கீழே வைத்தாள். இனி ஒரு மணி நேரம் அவன் அவளுடைய புருஷன். பிறகு மறுபடியும் படுக்கையில் கிடக்கும் உடம்பு.

கரைத்துக் கொடுத்தது தூக்க மாத்திரை.

டாக்டர் சொன்னபோது அவளுக்குக் கோபம்தான் வந்தது. கண்ணே திறக்காமல் கிடப்பவனுக்கு யாராவது தூக்க மாத்திரை கொடுப்பார்களா?

மூளையில் ‘சும்மா இரு’ என்று அடக்கும் வாசல்கள் உண்டாம். தூக்க மாத்திரை அவற்றைத்தான் அகலத் திறந்துவிடுமாம். பைக் விபத்துக்குப் பிறகு அவன் மூளையை ஏதோ ஒன்று ஓயாமல் அடக்கிக்கொண்டே இருக்கிறது. மாத்திரை போய் அப்படி அடக்குவதையே அடக்கிவிடுகிறது. எல்லோருக்கும் நடக்காது. இவனுக்கு நடந்தது.

மருந்தின் வேகம் தணிந்ததும் எல்லாம் மறந்துபோகும். அதனால் தினமும் முதல் கேள்வி ஒன்றுதான்.

“இனியா எங்க?”

“டியூசனுக்குப் போயிருக்கா.”

அந்த பைக்கில் அவனுக்கு முன்னால் உட்கார்ந்து போன மகள். அந்த இடத்திலேயே போய்விட்டாள்.

பக்கத்து வீட்டில் கறிக்குழம்பு கொதித்தது. வாசனை ஜன்னல் வழியாக வந்தது. அவன் சிரித்தான்.

“ஞாயித்துக்கிழமையா?”

“ஆமாங்க.” அவளும் சிரித்துத் தொலைத்தாள்.

சொன்ன பிறகுதான் உறைத்தது.

“ஞாயித்துக்கிழமை ஏது டியூசன்?” என்றான்.

இன்னொரு பொய் வாயில் வரவில்லை.

சொல்லிவிட்டாள்.

வாய்விட்டு அழுதான். அவளும் அழுதாள். துக்கத்துக்கு வந்த எல்லோரும் அவளைக் கட்டிக்கொண்டு அழுதிருந்தார்கள். பெற்றவன் மட்டும்தான் அழாமல் கிடந்தான்.

“இனிமே என்னை எழுப்பாத,” என்றான்.

அழுகை பாதியில் இருக்கும்போதே கண் செருகியது. அவள் அவன் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

மறுநாள் திங்கட்கிழமை. டியூசன் உள்ள நாள்.

வெகு நேரம் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு பொடித்தாள். கரைத்தாள். கொடுத்தாள்.

எழுப்பாதே என்றவன், அப்படிச் சொன்னதே தெரியாமல் விழித்தான்.

“இனியா எங்க?”

கட்டிலில் ஏறி அவன் பக்கத்தில் படுத்துக்கொண்டாள். அவன் கையை எடுத்துத் தன் மேல் போட்டுக்கொண்டாள்.

பாவம்தான். ஆனால் அவளுக்கும் சேர்ந்து அழ ஓர் ஆள் வேண்டியிருந்தது.