செம்பட்டைப் பின்னல்

மோர்னிங்சைட்டில் கிளடிஸ் வாங்கிய வீட்டின் வேலிக்கு அப்பால் பழைய வெள்ளைக்காரக் குடியேறிக் குடும்பமொன்றின் மயானம் இருந்தது. ஏழு கல்லறைகள்; அவற்றில் ஐந்து சிறுமிகளுடையவை. கடைசி அடக்கம் 1871இல். அவர்களுடைய பண்ணைவீடு நின்ற இடத்தில்தான் இந்த வீட்டைக் கட்டியிருந்தார்கள்.

குளியலறைக் கழிவுக்குழாய் மூன்றாம் முறையாக அடைத்துக்கொண்டது. கணவன் யூட்சன் கம்பியை விட்டு இழுத்தான். புளித்த பால் நாற்றத்தோடு செம்பட்டை மயிர் வழவழவென்று வந்தது. அந்த வீட்டில் எல்லோருக்கும் கறுப்பு முடி.

"சீ! உதைக் கொண்டுபோய் எறியுங்கோ," என்று கிளடிஸ் மூக்கைப் பொத்தினாள்.

"பொறு, இன்னும் வருது."

வந்தது ஒரு பின்னல். மகள் ஸ்டெபனிக்குக் கிளடிஸ் தினமும் பின்னிவிடும் அதே நாலுகால் பின்னல். புதிதாக எண்ணெய் தடவியிருந்தது.

மறுநாள் காலை ஸ்டெபனி சீப்போடு வந்து முன்னால் அமர்ந்தாள். அந்தத் தலையைத் தொட்டதும் கிளடிஸ் கையை இழுத்துக்கொண்டாள்.

"இனித் தலையை விரிச்சுக்கொண்டே போ, பிள்ளை," என்றாள், சீப்பை வாங்காமல்.