கடலிலிருந்து பதில் இல்லை

மீனவர் சங்கக் கந்தோரில் புது வயர்லெஸ் பூட்டி இரண்டு நாள்தான். காற்று மாறியதும் தலைவர் சவிரிமுத்து கடலுக்குப் போனவர்களை அழைக்க மைக்கைக் கையில் எடுத்தார்.

“அடைக்கலம், பெருங்காத்து வருது! வயர்லெஸ் உன்னட்டை மட்டும்தான் இருக்கு. மற்ற வள்ளங்களுக்கும் சொல்லி, கூட்டிக்கொண்டு வா!”

பதில் இல்லை. கால் மணித்தியாலம் விடாமல் கத்தியும் பெட்டியிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

“அவருக்கு என்னவும் நடந்திட்டுதோ, அண்ணை?” என்று அடைக்கலத்தின் மனைவி லூர்த்தம்மா அழுதாள்.

“உன்ரை மனுசனுக்குத் திமிர். சங்கத் தேர்தலிலை என்னட்டைத் தோத்தவனெல்லே! வேணுமெண்டுதான் வாய் திறக்கிறான் இல்லை. டேய் அடைக்கலம், நீயும் ஒரு மனுசனோ?”

ஆத்திரம் தாங்காமல் மைக்கை மேசையில் எறிந்தார். மறுகணம் பெட்டி அலறியது.

“தலைவர், நீங்கள் சொன்னதெல்லாம் கேட்டது. மைக்கிலை அமத்திப் பிடிச்ச பொத்தானை விட்டால்தான் எங்கடை குரல் உங்களுக்குக் கேக்கும். உங்கடை மகன்ரை வள்ளம் கவிண்டிட்டுது. அவனைத் தூக்கியிட்டம், மூச்சிருக்கு. டாக்குத்தரைக் கரைக்குக் கூட்டி வாங்கோ எண்டுதான் இவ்வளவு நேரமும் கத்துறன்!”

சவிரிமுத்து மைக்கின் பொத்தானையே பார்த்தபடி நின்றார். டாக்குத்தர் வீட்டுக்கு லூர்த்தம்மாதான் ஓடினாள்.