எடைக்கல்லுக்கும் ஓர் எடை

மலைகளைத் துலாக்கோலில் நிறுக்கிற கர்த்தருக்கே மகிமை உண்டாவதாக.

ஒரு காய்கறிக் கடையில் ஒரு கிலோ எடைக்கல் இருந்தது. தராசின் எதிர்த்தட்டில் யார் ஏறினாலும் அதற்கு ஏளனந்தான். "ஒல்லிப்பயலே, இறங்கு! துணைக்கு நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வா" என்று கத்தரிக்காயை விரட்டும்.

ஒருநாள் எடைக்கற்களைச் சோதிக்க அரசாங்க முத்திரை ஆய்வாளர் கடைக்கு வந்தார்.

"இன்றைக்கு உம்மையே நிறுக்கப் போகிறார்களாம், அண்ணாச்சி! தேறாத கல்லெல்லாம் பழைய இரும்புக்காம்" என்று சிரித்தது சுரைக்காய்.

இத்தனை ஆண்டுத் தேய்மானம் எடைக்கல்லுக்குத் தெரியாதா என்ன? ஆய்வாளர் ஒரு தட்டில் பிழையற்ற தம் பித்தளைக் கல்லை வைத்து, மறுதட்டில் இதை வைத்தார். இதன் தட்டு மேலேறி நின்றது.

"ஐயா, குறைவுள்ளவன்தான், மறைப்பதற்கில்லை. இனி உமது சித்தம்" என்றது எடைக்கல்.

அவர் அதைத் தூக்கி எறியவில்லை. கவிழ்த்துப் பிடித்து, அடியிலிருந்த குழியில் ஈயத்தை உருக்கி வார்த்தார். மறுபடி நிறுத்தபோது தட்டுகள் இரண்டும் சமமாக நின்றன. ஆறிய ஈயத்தின்மேல் தம் முத்திரையைக் குத்தினார்.

மறுநாள் ஒற்றைக் கத்தரிக்காய் பயந்துகொண்டே தராசில் ஏறியது.

"உட்கார், தம்பி. உன் கூட்டாளிகள் வரட்டும், நான் காத்திருக்கிறேன்."

"என்ன அண்ணாச்சி, குரலே மாறிவிட்டதே!" என்றது சுரைக்காய்.

"இந்த ஒரு கிலோவில் கொஞ்சம் அவர் வார்த்தது, தம்பி."

இதைக் கேட்ட யாவரையும் கிறிஸ்து இயேசு தம் கையில் ஏந்தி நிறைவாக்குவாராக. ஆமென்.