பெல்ட்டைக் கழற்றிய பிறகு

ஐந்தாம் மாதம் வள்ளிமயிலின் வயிற்றில் துடிப்பை அளக்கும் பெல்ட் கட்டியதிலிருந்து, குழந்தையின் இதயத்துடிப்பு கணவன் கோமதிநாயகத்தின் கைக்கடிகாரத்தில் எண்ணாக ஓடிக்கொண்டே இருந்தது. பிரசவ அறைக்கு வெளியே நின்றவன், எண் சட்டென்று இறங்கியதும் கதவைத் தட்டினான்.

"சிஸ்டர், ஆபரேஷன் பண்ணிருங்க!"

"வலி வரும்போது பிள்ள தல அமுங்கும், துடிப்பு கொறையும். வலி விட்டதும் ஏறுதான்னு பாருங்க," என்றாள் நர்ஸ் ஜெசிந்தா.

ஏறியது. அதன்பின் ஒவ்வொரு வலிக்கும் எண் முங்கி எழுவதை அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தான்.

திடீரென்று எண்ணே மறைந்தது. அவன் கடிகாரத்தைத் தட்டினான்.

கதவு திறந்தது. வீறிடும் குழந்தையை ஜெசிந்தா நீட்டினாள். "பொம்பளப் பிள்ள. பெல்ட்டக் கழட்டியாச்சு."

அவன் வாங்காமல் கடிகாரத்தையே தட்டிக்கொண்டிருந்தான்.

"இனும நம்பர எங்க பாக்க, சிஸ்டர்?"

"மூஞ்சியப் பாருங்க, அண்ணாச்சி."